நடுக்கடலுக்கு அடியில் இருக்கும் நைதரசன் ஏன் நம் காற்றைவிட இலேசு?

தம்பி, ஹட்டனில் உயர்தரம் படிப்பதாக எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கேள்வியை நான் விளங்கிக்கொண்ட விதத்தைச் சொல்கிறேன். பூமியின் வளிமண்டலம் எரிமலைகள் கக்கிய வாயுக்களிலிருந்து வந்தது என்று பாடத்தில் படித்திருக்கிறீர்கள். அப்புறம் வேறெங்கோ, நடுக்கடல் மலைத்தொடர்களுக்குக் கீழே உள்ள மேன்டிலின், அதாவது புவியோட்டுக்கும் பூமியின் மையமான அகணிக்கும் இடைப்பட்ட பாறைப் படையின், நைதரசனை அளந்தால் சமதானி விகிதம் (ஒரே மூலகத்தின் பாரமான அணுவுக்கும் இலேசான அணுவுக்கும் உள்ள விகிதம்) −5 என்று வருகிறது, காற்றோடு ஒத்துப்போவதில்லை என்று வாசித்திருக்கிறீர்கள். தாயிடமிருந்து வந்த பிள்ளை என்றால் சாயல் இருக்க வேண்டுமே, ஏன் இல்லை என்பது உங்கள் குழப்பம். காற்று வால்வெள்ளிகள் கொண்டுவந்து கொட்டியதா, இல்லை அளந்தவர்கள் பிழை விட்டார்களா என்று கேட்கிறீர்கள். கடைசி வரியில், நம் மலைநாட்டுப் பாறையை உடைத்து இதைச் சோதிக்க முடியாதா என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

இதற்குள் இரண்டு வேறு கேள்விகள் பின்னிக்கிடக்கின்றன. அந்த −5 நம்பத்தக்க எண்தானா என்பது ஒன்று. நம்பத்தக்கது என்றால் காற்றும் மேன்டிலும் ஏன் வேறுபட்டன என்பது மற்றது. முதலாவதுக்கு உறுதியான பதில் இருக்கிறது. இரண்டாவதுக்கு இன்று போட்டி போடும் விளக்கங்கள்தான் இருக்கின்றன. இந்த இரண்டையும் கலந்து எழுதுவதால்தான் வாசிப்பவர்கள் குழம்புகிறார்கள் என்பது என் எண்ணம். அதனால் பிரித்தே சொல்கிறேன்.

என்னைப் பற்றிச் சுருக்கமாக. தலவாக்கலைப் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்தேன். பேராதனையில் புவிச்சரிதவியல் படித்தேன். பிறகு வெளிநாட்டு ஆய்வுகூடம் ஒன்றில் பதினொரு வருடம், பாறைக்குள் அடைபட்ட வாயுக்களை அளக்கும் வேலை. நான் அளந்தது பெரும்பாலும் ஆகன். நைதரசன் பக்கத்து மேசைக்காரருடைய வேலை. அவருக்கு உதவியாக நின்று கற்றுக்கொண்டேன். ஆகவே அளவீட்டைப் பற்றி நான் சொல்வதைக் கையால் செய்தவனின் சொல்லாக எடுத்துக்கொள்ளுங்கள். கோள்கள் உருவான கதையைப் பற்றிச் சொல்வது வாசித்து அறிந்தவனின் சொல்.

நைதரசன் அணுவில் 7 புரோத்தன்கள். கிட்டத்தட்ட எல்லா அணுக்களிலும் கூடவே 7 நியூத்திரன்கள் இருக்கும், அது நைதரசன்-14. மிகச் சிறு பங்கில் 8 நியூத்திரன்கள், அது நைதரசன்-15. இரண்டும் சிதையாதவை, கதிர்வீச்சு இல்லாதவை. காற்றில் ஒரு நைதரசன்-15 அணுவுக்கு 272 நைதரசன்-14 அணுக்கள் இருக்கின்றன. நுவரெலியாவில் எடுத்தாலும் அந்தாட்டிக்காவில் எடுத்தாலும் இந்த விகிதம் ஒன்றுதான். அதனால் அதையே பூச்சியமாக வைத்து, மற்றப் பொருள்கள் அதிலிருந்து ஆயிரத்துக்கு எத்தனை விலகுகின்றன என்று சொல்வது வழக்கம். டெல்டா பெறுமானம் என்பது அதுதான். −5 என்றால் நைதரசன்-15 இன் விகிதம் காற்றில் இருப்பதைவிட ஆயிரத்துக்கு 5 பங்கு குறைவு. எண்ணிப் பார்த்தால் இன்னும் தெளியும். காற்றிலிருந்து பத்து இலட்சம் நைதரசன் அணுக்களை எடுத்தால் 3,663 பாரமானவை இருக்கும். நடுக்கடல் மேன்டிலிலிருந்து எடுத்தால் சுமார் 3,645. வித்தியாசம் 18 அணுக்கள். இவ்வளவுதானா என்று கேட்பீர்கள். இந்தப் பதினெட்டை நம்பலாமா என்று தீர்மானிக்கத்தான் ஒரு தலைமுறை ஆய்வாளர்களின் காலம் போயிருக்கிறது.

இந்த விகிதம் எப்படி மாறுகிறது என்பதற்குத் தோட்டத்து மாட்டுக்கொட்டிலே போதும். காலையில் உள்ளே நுழைந்ததும் மூக்கைக் குத்துகிறதே அமோனியா, அதில் இலேசான நைதரசன் கொஞ்சம் கூடுதல். இலேசான அணு உள்ள மூலக்கூறு சற்று எளிதாக ஆவியாகிப் பறந்துவிடுகிறது. பாரமானது எருவில் மிஞ்சுகிறது. அதனால் மாட்டெருவும் கூட்டெருவும் பெரும்பாலும் +5 க்கு மேல் நிற்கும், சிலவேளை +10 ஐயும் தாண்டும். யூரியாவில் இருப்பது தொழிற்சாலையில் காற்றிலிருந்து பிடித்த நைதரசன். அது பூச்சியத்தை ஒட்டியே இருக்கும். 2021 இல் இரசாயனப் பசளை இறக்குமதியைத் தடுத்த மாதங்கள் உங்களுக்கும் நினைவிருக்கும். நைதரசன் இல்லாத தேயிலைச் செடி என்ன ஆகும் என்று அப்போது மலைநாடு முழுக்கப் பார்த்தோம். சேதன முறையில் விளைந்தது என்று விற்கப்படும் மரக்கறியில் யூரியா போட்டிருக்கிறார்களா என்று சோதிக்கவும் இதே விகிதத்தைப் பல நாடுகளில் பயன்படுத்துகிறார்கள். ஆக, இந்த எண் ஒரு பொருள் எங்கிருந்து வந்தது என்பதையும், வழியில் அதற்கு என்ன நடந்தது என்பதையும் சேர்த்துச் சொல்கிறது. இரண்டும் கலந்திருப்பதுதான் சிக்கல். அதற்குப் பிறகு வருகிறேன்.

சரி, மேன்டிலின் நைதரசன் நம் கைக்கு எப்படி வருகிறது? நடுக்கடல் மலைத்தொடர்கள் உலகைச் சுற்றி ஏறக்குறைய 65,000 கிலோமீற்றர் நீளத்துக்கு ஓடுகின்றன. நமக்குக் கிட்டியது மாலைதீவுக்கும் அப்பால், மேற்கே அரபிக்கடல் பக்கமாகக் கிடக்கும் கால்ஸ்பேர்க் தொடர். அங்கே இரண்டு புவித்தகடுகள் மெல்ல விலக, கீழிருக்கும் மேன்டில் பாறை மேலெழுகிறது. மேலே வர வர அமுக்கம் குறைவதால், யாரும் சூடேற்றாமலே அதில் ஒரு பங்கு உருகுகிறது. நைதரசன் பாறையின் பளிங்குகளுக்குள் தங்குவதைவிட உருகலோடு போவதையே விரும்பும் மூலகம். அதனால் அதுவும் கூட வருகிறது. கடலடியில், 2,500 மீற்றர் ஆழத்தில், இரண்டு பாகைக் குளிர்நீரில் லாவா பட்டதும் அதன் வெளித்தோல் விரல் தடிப்புக்குக் கண்ணாடியாக உறைந்துவிடுகிறது. மேலே நிற்கும் தண்ணீர் 250 வளிமண்டல அமுக்கத்தோடு அழுத்துகிறது. வாயுக் குமிழ்களில் ஒரு பகுதி வெளியே ஓட முடியாமல் கண்ணாடிக்குள்ளேயே அடைபட்டுப் போகிறது. அத்திலாந்திக் நடுத்தொடரில், வட அகலக்கோடு 14 பாகைக்கு அருகே, கப்பலில் இழுத்தெடுத்த ஒரு கல் தளத்துக்கு வந்ததும் அரிசிப் பொரி வெடிப்பதுபோல் வெடித்தது. உள்ளே வாயு அவ்வளவு நெருக்கமாக அடைபட்டிருந்தது. அதற்குப் பெயரே பொரியும் கல். இந்தத் துறையின் மிக நல்ல எண்களில் பல அந்த ஒரு கல்லிலிருந்து வந்தவை.

கண்ணாடித் துண்டை வெற்றிடமாக்கிய உருக்குக் குழாய்க்குள் போட்டு, வெளியிலிருந்தே நசுக்குவோம். குமிழ்கள் உடையும், வாயு வெளிவரும். அதைச் சுத்தம் செய்து, அணுக்களை நிறைவாரியாகப் பிரித்து அளக்கும் திணிவு நிறமாலைமானிக்குள் விடுவோம். இதை எழுத மூன்று வரி போதும். செய்து பார்த்தால்தான் பாடு தெரியும். ஒரு கிராம் கண்ணாடியில் இருக்கும் நைதரசன் பெரும்பாலும் ஒரு மைக்கிரோகிராமுக்கும் குறைவு. ஒரு கன மில்லிமீற்றர் காற்றில், அதாவது ஒரு சின்னக் கடுகின் அளவு காற்றில், கிட்டத்தட்ட அதே அளவு நைதரசன் இருக்கிறது. கல்லின் மயிரிழை வெடிப்பில், குழாயின் உட்சுவரில், வால்வின் இடுக்கில் எங்காவது ஒரு கடுகுக் காற்று ஒளிந்திருந்தால் போதும், நாம் அளப்பது அறையின் காற்றாகிவிடும். இன்னொரு தொல்லையும் உண்டு. நைதரசன் மூலக்கூறின் திணிவு 28. காபனோரொட்சைட்டின் திணிவும் 28. தசமதானத்துக்குப் போனால் ஒன்று 28.006, மற்றது 27.995. அந்த நூலிழை வித்தியாசத்தைப் பிரித்தறியாத கருவி சொல்லும் எண்ணை நம்ப முடியாது. எனவே உங்கள் சந்தேகத்தில் நியாயம் இருக்கிறது. அளப்பவர்கள் ஏமாறுவதற்கு இதைவிட வசதியான இடம் கிடையாது.

என் அம்மா கொழுந்து பறித்தவர். மழைநாளில் கொழுந்து நிறுக்கும்போது தண்ணிக்கு என்று மூன்று கிலோ, நாலு கிலோ வெட்டுவார்கள். நனைந்த கொழுந்தில் தண்ணீர் இருப்பது உண்மைதான், அதை அம்மாவும் மறுத்ததில்லை. ஆனால் எவ்வளவு தண்ணீர் என்று யாரும் அளக்கவில்லையே, கண்ணால் பார்த்துத்தானே வெட்டுகிறார்கள் என்பதுதான் அவருடைய கோபம். சாக்கின் மொத்த நிறையைப் பார்த்து அதில் தண்ணீர் எவ்வளவு என்று சொல்ல முடியாது. தண்ணீருக்கு மட்டுமே உரிய வேறொரு அடையாளம் வேண்டும். ஆய்வுகூடத்தில் நான் செய்த வேலை முழுவதும் அம்மாவின் அந்தக் கேள்விக்குப் பதில் தேடுவதுதான் என்று பல தடவை நினைத்திருக்கிறேன்.

எங்களுக்கு அந்த அடையாளம் ஆகன். காற்றில் ஒரு ஆகன்-36 அணுவுக்கு ஆகன்-40 சுமார் 298 இருக்கும். மேன்டிலில் பொற்றாசியம்-40 நூற்றுக்கணக்கான கோடி ஆண்டுகளாகச் சிதைந்து ஆகன்-40 ஐச் சேர்த்துக்கொண்டே வந்திருக்கிறது. அங்கே அந்த விகிதம் 25,000 ஐயும் தாண்டும். ஒவ்வொரு நசுக்கலிலும் நைதரசனோடு ஆகனையும் அளந்தால், அந்த வாயுவில் காற்று எவ்வளவு கலந்திருக்கிறது என்று தெரிந்துவிடும். விகிதம் 300 ஐ ஒட்டி வந்தால் அது காற்று. 20,000 வந்தால் கல் உண்மையைப் பேசுகிறது. 1990களில் பிரான்சின் பெர்னார்ட் மார்ட்டியும் அவரோடு வேலை செய்தவர்களும் பல கடல்களின் கண்ணாடிகளை இப்படி வரிசைப்படுத்திப் பார்த்தார்கள். காற்று மிகுந்த கற்களில் நைதரசன் பூச்சியத்தை ஒட்டி நின்றது. காற்றுக் குறையக் குறைய அது மறைப் பக்கம் இறங்கி, −5 க்கு அருகே போய் நின்றது. இரண்டு கூடலாம், இரண்டு குறையலாம், அந்த அளவுக்குத்தான் நிச்சயமின்மை. இந்த வழியிலும் ஒரு ஓட்டை இருக்கிறதென்று சொல்லிவிட வேண்டும். ஆகன் நைதரசனைவிடத் தண்ணீரில் இரண்டு மடங்களவு கரையும். கல்லுக்குள் புகுந்தது கடல்நீரில் கரைந்த காற்று என்றால், ஆகனை வைத்துப் போடும் கணக்கு நைதரசனுக்குச் சரியாகப் பொருந்தாது. ஆகவே திருத்தம் பெரிதாகத் தேவைப்படும் கற்களை ஒதுக்கிவிட்டு, திருத்தமே வேண்டாத அளவு சுத்தமான கற்களை நம்புவதுதான் முறை.

ஒருமுறை எங்களுக்கு மூன்று வாரம் தொடர்ந்து அழகான எண்கள் வந்தன. ஒன்றுக்கொன்று ஒத்துப்போயின, எல்லாம் −1 ஐச் சுற்றி. மேன்டிலில் யாரும் காணாத எதையோ கண்டுவிட்டோம் என்று எனக்குத் தூக்கம் வரவில்லை. ஆகனைக் கணக்கிட்டுப் பார்த்தால் விகிதம் ஆயிரத்துக்கும் கீழே. ஒரு வால்வில் மெல்லிய கசிவு. யாரோ கப்பலேறிப் போய் ஆழ்கடலிலிருந்து இழுத்து வந்த கற்கள் தூளாகிப் போயிருந்தன, திரும்ப எடுக்க வழியில்லை. கசிவும் தினமும் ஒரே அளவில் கசிந்தால் ஒத்துப்போகும் எண்களைத்தான் தரும். அதன் பிறகு, எண்கள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகின்றன என்று யாராவது காட்டினால், எதோடு ஒத்துப்போகின்றன என்று கேட்காமல் நான் விட்டதில்லை.

ஆகனை விட்டுவிட்டாலும் −5 நிற்கிறது என்பதற்கு வைரங்கள் சாட்சி. வைரத்தில் மிக அதிகமாகக் கலந்திருக்கும் மாசு நைதரசன்தான். அது குமிழில் இருப்பதில்லை. காபன் அணு இருக்க வேண்டிய இடத்திலேயே பதிந்திருக்கிறது. காற்று அங்கே புக வழியே கிடையாது. கண்டங்களின் அடியில் 150 கிலோமீற்றருக்கும் ஆழத்தில், மேன்டில் பாறையில் வளர்ந்த வைரங்களை அளந்தால் எண்கள் நன்றாகவே சிதறும், ஆனாலும் −5 ஐச் சுற்றித்தான் குவியும். அவற்றில் சில 300 கோடி ஆண்டுகளுக்கும் மேல் பழையவை. கண்ணாடிக் குமிழும் வைரமும் வெவ்வேறு இடம், வெவ்வேறு காலம், வெவ்வேறு அளவீட்டு முறை. இரண்டும் ஒரே எண்ணைச் சொல்லும்போது, நடுக்கடல் மேன்டிலின் நைதரசன் நம் காற்றைவிட இலேசு என்பதை நான் உறுதி என்றே எடுத்துக்கொள்கிறேன். அளந்தவர்களின் பிழை என்று அதைத் தள்ள முடியாது.

ஆனால் எல்லா −5 உம் மேன்டில் என்று நினைத்துவிடாதீர்கள். எரிமலைப் பகுதி வெந்நீரூற்றுகளில் வரும் வாயுவிலும் மறைப் பெறுமானங்கள் வருவதுண்டு. நீண்ட காலம் அதையும் மேன்டிலின் கையெழுத்து என்றே படித்தார்கள், நானும் அப்படித்தான் படித்தேன். பிறகுதான் காற்றைப் பிடிக்க இன்னும் கூர்மையான ஒரு வழி கிடைத்தது. நைதரசன் மூலக்கூறில் இரண்டு அணுக்கள். இரண்டுமே நைதரசன்-15 ஆக அமைவது மிக அரிது, தற்செயலாகச் சோடி சேர்ந்தால் பத்து இலட்சம் மூலக்கூறுகளில் சுமார் 13 தான். நம் காற்றிலோ அந்த எதிர்பார்ப்பைவிட ஆயிரத்துக்கு 19 பங்கு கூடுதலாக இருக்கிறது என்று 2017 இல் காட்டினார்கள். வளிமண்டலத்தின் உச்சியில் மூலக்கூறுகள் உடைந்து மறுபடி சேரும் இரசாயனத்தால் வரும் மிகை அது. மக்மாவின் சூட்டில் சோடிகள் பிரிந்து பிரிந்து சேர்வதால் அங்கே அந்த மிகை அழிந்துவிடும். அதனால் அந்த 19 காற்றின் முத்திரை. காற்று தண்ணீரில் கரைந்து வெளியேறி அதன் டெல்டா மாறினாலும் முத்திரை கூடவே இருக்கும். அம்மா கேட்ட தண்ணீரளவு கிட்டத்தட்ட இதுதான்.

ஜப்ரான் லபிடி, எட்வர்ட் யங் முதலான ஆய்வாளர்கள் இந்த முத்திரையை ஐஸ்லாந்து, ஜேர்மனியின் ஐஃபல், அமெரிக்காவின் யெலோஸ்டோன் வாயுக்களில் தேடி 2020 இல் வெளியிட்டார்கள். மறைப் பெறுமானம் காட்டிய வாயுக்களில் பெரும்பங்கு காற்று என்று தெரிந்தது. காற்று நிலத்தடிச் சூடான நீரில் கரைந்து வெளியேறும் வழியில் அதன் விகிதம் இலேசான பக்கம் சாய்ந்திருக்கிறது. மாட்டுக்கொட்டிலில் சொன்னேனே, வழியில் நடந்ததும் எண்ணை மாற்றும் என்று, அதுதான் இங்கேயும் நடந்திருக்கிறது. இதனால் நடுக்கடல் கண்ணாடியின் −5 ஆட்டம் காணவில்லை. அதன் ஆதாரம் வேறு. ஆனால் மேன்டில் ஊற்றுகளின், அதாவது ஆழத்திலிருந்து தூண்போல் எழும் சூடான மேன்டில் பாறையின், நைதரசன் பற்றி அதுவரை எழுதியதில் ஒரு பகுதியை மறுபடி எழுத வேண்டியதாயிற்று. காற்றைக் கழித்த பிறகு, யெலோஸ்டோனுக்கு அடியில் உள்ள நைதரசன் நடுக்கடல் மேன்டிலைவிடத் தெளிவாகப் பாரமாக வந்தது. அந்தக் கருவியை நான் தொட்டதில்லை. கட்டுரையை வாசித்து, அதன் தர்க்கம் திடமாக இருப்பதாக நினைக்கிறேன்.

இனி ஏன் என்ற கேள்வி. இங்கிருந்து நிலம் ஈரமாகிறது, கால் பார்த்து வைக்க வேண்டும். முதலில் உங்கள் வால்வெள்ளி. வால்வெள்ளிகளின் வாயுவில் நைதரசன்-15 இன் பங்கு காற்றில் இருப்பதைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு. டெல்டாவில் சொன்னால் +900 அளவு. நம் காற்றின் நைதரசன் பெரும்பாலும் அங்கிருந்து வந்திருந்தால் விகிதம் வானத்துக்கு ஏறியிருக்கும். ஆகவே வால்வெள்ளிகள் தந்தது சிறு பங்குக்கு மேல் இருக்க முடியாது. சூரியனின் நைதரசன் எதிர்ப்பக்கம், சுமார் −380. பூமியின் நைதரசன் சூரிய வாயுவை அப்படியே பிடித்து வைத்ததும் அல்ல. விண்கற்களிடம் போனால்தான் சாயல் தெரிகிறது. என்ஸ்டடைட் வகை விண்கற்கள் −15 இலிருந்து −45 வரை. காபன் மிகுந்த பழைமையான விண்கற்கள் +30, +40 என்று மறுபக்கம். மேன்டில் −5, காற்று 0. இரண்டு வகைக் கற்களும் சேர்ந்து பூமியைக் கட்டின, பிற்பாடு வந்தவை காபன் மிகுந்தவை, அவை மேற்பரப்பில் கூடுதலாகத் தங்கின என்று வைத்தால் வேறுபாடு விளங்கும். எனக்கு இந்த விளக்கம் பிடிக்கும். ஆனால் கலவையின் அளவை வேண்டியபடி மாற்றி எந்த எண்ணையும் எட்டிவிடலாம் என்பதால், அது பொருந்துகிறது என்பதை நிரூபணமாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

இரண்டாவது விளக்கம், ஆதிக் காற்றில் ஒரு பகுதி விண்வெளிக்குத் தப்பியோடியது, இலேசானது முதலில் ஓடியதால் மிஞ்சியது பாரமானது என்பது. இப்படி நடக்கக்கூடியதுதான் என்பதற்குச் செவ்வாய் சாட்சி. அதன் வளிமண்டல நைதரசன் +570 அளவில் நிற்கிறது. பூமியில் தேவைப்படுவது வெறும் 5. சிறிய இழப்பே போதும். மூன்றாவது, கோள் உருவானபோது இரும்பு உருகி அகணிக்கு இறங்கிய வேளையில் அது நைதரசனையும் இழுத்துச் சென்றிருக்கும், அப்போது சமதானிகள் ஒரே அளவில் பிரிந்திருக்காது என்பது. இதை ஆய்வுகூடத்தில் உயர் அமுக்கத்தில் செய்து பார்த்தவர்களின் எண்கள் ஒன்றுக்கொன்று வெகுவாக வேறுபடுகின்றன. இப்போதைக்கு அதன்மேல் எதையும் கட்ட மாட்டேன்.

இவற்றோடு ஒரு எதிர்ப்புதிரும் இருக்கிறது, எனக்கு இதுதான் மிகச் சுவையானது. கடற்சேற்றில் செத்த உயிர்களின் நைதரசன் படிகிறது. அது +5, +7 என்று பாரமானது. கடலடிப் புவித்தகடு ஆழ்கடல் அகழிகளில் மேன்டிலுக்குள் இறங்கும்போது அதில் ஒரு பங்கும் சேர்ந்து இறங்குகிறது. இது பல நூறு கோடி ஆண்டுகளாக நடக்கும் வேலை. அப்படியானால் மேன்டில் இந்நேரம் காற்றைவிடப் பாரமாகியிருக்க வேண்டாமா? இன்னும் −5 இல் நிற்கிறதே. தகடு சூடாக இறங்கும் இடங்களில் நைதரசன் சீக்கிரமே விடுபட்டு எரிமலை வழியாகத் திரும்பிவிடுகிறது, குளிர்ந்த தகடுகளில்தான் ஆழம் வரை போகிறது என்பது வரை பலரும் ஒத்துக்கொள்வார்கள். ஆழம் போனது எங்கே என்பதில்தான் பிரிவு. அது ஆழ ஊற்றுகளின் மூலத்தில் சேர்ந்ததால்தான் அவை பாரமாக இருக்கின்றன என்று ஒரு சாரார் நீண்ட காலம் சொல்லி வந்தார்கள். 2020 இல் அந்த முத்திரையைத் தேடியவர்கள், நைதரசனுக்கும் ஈலியம், ஆகனுக்கும் உள்ள விகிதங்கள் யெலோஸ்டோனில் நடுக்கடல் மேன்டிலில் இருப்பதிலிருந்து மாறவில்லை, ஆகவே அந்தப் பாரம் பூமி பிறந்தபோதே வந்ததாக இருக்கலாம் என்கிறார்கள். எனக்கு அவர்கள் பக்கம் சற்றுச் சாய்வு இருக்கிறது. ஆயினும் அந்த முத்திரையை வைத்து அளந்த இடங்கள் குறைவு என்பதால் பந்தயம் கட்ட மாட்டேன். மேன்டிலில் மொத்தம் எவ்வளவு நைதரசன் இருக்கிறது என்பதிலும் அப்படித்தான். வளிமண்டலத்தில் இருப்பதைவிடக் குறைவு என்ற மதிப்பீடும் உண்டு, பல மடங்கு என்ற மதிப்பீடும் உண்டு.

உங்கள் பாடநூல் சொன்னது பிழையா என்றால், பிழையில்லை, காலத்தைத்தான் சொல்லாமல் விட்டுவிட்டது. இன்று நடுக்கடல் மலைத்தொடர்கள் எல்லாம் சேர்ந்து ஆண்டுக்கு வெளிவிடும் நைதரசன் சுமார் 200 கோடி மோல் என்று மதிப்பிடுகிறார்கள், அதாவது 60,000 தொன்னுக்குச் சற்றுக் குறைவு. அந்த மதிப்பீட்டிலேயே பாதிக்கு மேல் கூடலாம், குறையலாம். ஒப்பிட்டுப் பாருங்கள், உலகின் பசளைத் தொழிற்சாலைகள் காற்றிலிருந்து பிடிப்பது ஆண்டுக்குப் பத்துக் கோடி தொன்னுக்கு மேல். வளிமண்டலத்தில் இருப்பது ஏறக்குறைய 40 கோடி கோடி தொன். இன்றைய வேகத்தில் அதை நிரப்ப 6,000 கோடி ஆண்டுகளுக்கு மேல் வேண்டும், பூமியின் வயதோ 454 கோடிதான். ஆகவே காற்றின் பெரும்பகுதி, பூமி இன்னும் கொதித்துக்கொண்டிருந்த ஆரம்ப காலத்திலேயே வெளியேறியிருக்க வேண்டும், அல்லது மேற்பரப்பிலேயே வந்து சேர்ந்திருக்க வேண்டும். இன்று மலைத்தொடரில் கசியும் −5 அந்தக் காற்றைப் பெற்ற தாயல்ல. ஒரே வீட்டில் பிறந்து வேறு ஊரில் வளர்ந்த உடன்பிறப்பு என்று நினைத்தால் சாயல் வேறுபடுவது அவ்வளவு புதிராகத் தோன்றாது. பரீட்சையில் எரிமலை வாயு என்றே எழுதுங்கள், ஆதிகால எரிமலை வாயு என்று ஒரு சொல்லைச் சேர்த்துவிடுங்கள்.

கடைசியாக நம் மலைநாட்டுப் பாறை. ஹட்டன் பக்கத்துப் பாதை வெட்டுகளில் தெரியும் வரிவரியான பாறைகளில் பெரும்பகுதி, புவியியலாளர்கள் உயர்நிலத் தொகுதி என்று அழைக்கும் கூட்டத்தைச் சேர்ந்தது. அதில் பல ஒரு காலத்தில் கடலில் படிந்த மணலும் சேறும் சுண்ணாம்பும். 55 கோடி முதல் 61 கோடி ஆண்டுகளுக்கு முன், கண்டங்கள் மோதியபோது புவியோட்டின் ஆழத்துக்குப் போய், 800 பாகைக்கும் மேல் வெந்து, பிறகு மேலே வந்தவை. மேன்டில் இங்கே வெளித்தெரிவதில்லை, எரிமலையும் இல்லை. நம் நாட்டு வெந்நீரூற்றுகள் கூட மழைநீர் ஆழத்துக்கு இறங்கிச் சூடேறித் திரும்புவதுதான். ஆனாலும் இந்தப் பாறையில் நைதரசன் இல்லாமல் இல்லை. வெயிலில் மினுக்கும் மைக்காத் தகடுகளைப் பார்த்திருப்பீர்கள், சிலர் காக்காப்பொன் என்பார்கள். மைக்காவுக்குள் பொற்றாசியம் அயன் இருக்கும் இடத்தில், ஏறக்குறைய அதே பருமனும் அதே ஏற்றமும் கொண்ட அமோனியம் அயன் போய் உட்கார்ந்துகொள்ளும். அகழிகளில் நைதரசன் கீழே இறங்குவதும் இதே மைக்காவில் ஏறித்தான். நம் பாறை வெந்தபோது அதில் பெரும்பங்கு வெளியேறியிருக்கும், இலேசானது முதலில். கிராமுக்குச் சில மைக்கிரோகிராம் மிஞ்சியிருந்தாலும் அது பாரமான பக்கத்தில்தான் நிற்கும். ஆகவே உங்கள் பாடசாலைக்குப் பின்னால் பாறையை உடைத்தால் கிடைப்பது பழைய கடற்சேற்றின் நைதரசன். −5 வேண்டுமென்றால் காலியில் கப்பலேறி, மாலைதீவைத் தாண்டி, கால்ஸ்பேர்க் தொடரில் கண்ணாடித் தோலோடு ஒரு லாவாக் கல்லை இழுத்தெடுக்க வேண்டும்.